உக்குவளைக்கு எடுத்துப் போன வருத்தம்

மன்னிப்புக் கேட்காமல் வருத்தம் மட்டும் தெரிவிப்பது எப்படி என்று எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஒன்றரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். இல்லையாம். மன்னிப்புக் கேட்டால் தப்பு நம்முடையதாகிவிடும். வருத்தம் தெரிவித்தால் தப்பு யாருடையதும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அந்த அந்தரத்துத் தப்பையும் இரண்டு டி-சர்ட்டுகளையும் ஒரு தங்க நிறப் பொத்தானையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்குப் போனேன்.

நான் வேலை பார்ப்பது ‘நறுக்’ என்ற செயலியில். எதையும் நூற்று எண்பது எழுத்துக்குள் சொல்லிவிடலாம் என்பது எங்கள் கொள்கை. சென்னை பெருங்குடியில் ஒரு வாடகை மாடியில் மூன்று இளைஞர்கள் ஆரம்பித்தது. முதல் வருடம் அவர்களும் அவர்களுடைய சித்தி பிள்ளைகளும் தாங்கள் குடித்த காபியைப் படம் எடுத்துப் போட்டார்கள். அடுத்த வருடம் நடிகர்களின் ரசிகர்கள் சண்டை போட இடம் தேடி வந்தார்கள். சண்டையை வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. கூட்டம் தாங்காமல் செயலி தினமும் மாலை ஏழு மணிக்குப் படுக்க ஆரம்பித்தது. படுத்துவிட்டால் திரையில் ஒரு எருமை நடுரோட்டில் உட்கார்ந்து அசைபோடும். கீழே ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று எழுதியிருக்கும். முதலீட்டாளர்கள் இதற்கு வளர்ச்சி வலி என்று பெயர் வைத்துவிட்டு வேறு ஊருக்கு விமானம் ஏறினார்கள்.

கூட்டம் வந்தால் குப்பையும் வருமல்லவா? ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று ஆரம்பிக்கும் பதிவுகள் ஈசல் மாதிரி வந்து விழுந்தன. அதைத் தடுக்க ஒரு விதி எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். ஒரு கணக்கிலிருந்து வரும் பதிவுகள் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பித்தால் அது குப்பை, நிறுத்து. நிறுத்தியதை எழுதியவனுக்குச் சொல்லாதே, சொன்னால் உஷாராகி மாற்றி எழுதுவான். அவன் திரையில் மட்டும் பதிவு போய்விட்ட மாதிரியே காட்டு. கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

பயணத்துக்குக் காரணமான புகாரை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. எனக்குக் கொடுத்த சுருக்கம் இவ்வளவுதான்: பயனர் கோபம். ஊர் உக்குவளை. பின்தொடர்கிறவர்கள் ஏராளம். போட்டிச் செயலிக்குப் போய்விடுவேன் என்கிறார். சமாதானப்படுத்திச் சிரித்த முகமாக ஒரு வீடியோ எடுத்து வரவும். தமிழ் தெரிந்தவள், தனியாகப் போகிறவள், பயணப்படி குறைவு என்ற மூன்று தகுதிகளால் நான் தேர்வானேன்.

முதல் நாள், கண்டியிலிருந்து மாத்தளை போகும் ரயிலில் உக்குவளையில் இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை. ரயில் நின்றது தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர் மின்சார ரயிலில் நிறுத்தம் என்றால் நாம் இறங்க வேண்டியதில்லை, பின்னால் இருப்பவர்களே இறக்கிவிடுவார்கள். இங்கே யாரும் தள்ளவில்லை. ஒரு அம்மா தன் காய்கறிப் பையைப் பொறுமையாக எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏதோ சிக்னலுக்கு நிற்கிறது போல என்று நினைத்து ஜன்னல் வழியே பாக்குமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிலையமான மாத்தளையில் ரயில்தான் என்னைக் கைவிட்டது.

பசி. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து டீ கேட்டேன். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லெட், முக்கோணமாக மடித்த ரொட்டி எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அடடா, என்ன உபசாரம் என்று உருகிப்போனேன். நான்கு சாப்பிட்டேன். மிச்சத்தை விட்டால் மரியாதையாக இருக்காதே என்று ஐந்தாவதை விழுங்கினேன். ஆறாவதைக் கைக்குட்டையில் சுற்றும்போது கடைக்காரர் கவலையாக வந்தார்.

“மிஸ், அது எல்லார் மேசைக்கும் வெக்கிறதுதான். திண்டதுக்கு மட்டும் தந்தாப் போதும். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.”

கைக்குட்டையைப் பிரித்து ரோல்ஸை மறுபடி தட்டில் வைத்தேன். அவர் அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். நாகரிகமான மனிதர்.

வெளியே ஆட்டோ. ஓட்டுநர் செல்வராஜுக்கு நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர். முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கடக்கும்போது ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மாசி மகத்துக்கு வாங்க மிஸ், அஞ்சு தேர் ஓடும்” என்றார். இன்னொரு கை ஹாரனில் இருந்தது. கைப்பிடியில் எது இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். நறுக் என்று பெருமையாகச் சொன்னேன்.

“ஓ, அந்த மவுத்து பாக்குற ஆப்பா?”

எனக்குப் புரியவில்லை. மவுத்து என்றால் மரணம். விசாரித்தால் கதை இப்படி: உக்குவளையில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருக்கிறார் நவ்ஷாத். அவர் நறுக்கில் ஒரு கணக்கு ஆரம்பித்து, வட்டாரத்தில் யார் இறந்தாலும் இன்னார், இன்ன வீடு, அடக்கம் இத்தனை மணிக்கு என்று போடுகிறார். முஸ்லிம்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். சில மணி நேரத்துக்குள் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி போக வேண்டும்.

“எங்க ஆளுங்களுக்கும் போடுவாருங்க. தோட்டத்துல யாரும் தவறிட்டா தப்பு மேளம் அடிப்பாங்க. கொழும்புல வேலை செய்ற புள்ளைங்களுக்கு அது கேக்குமா? நவ்ஷாத் மொதலாளி போட்டாத்தான் அவங்க பஸ் ஏறுவாங்க.”

எங்கள் விளம்பர வாசகம் ‘வாழ்க்கையை நறுக்கென்று சொல்’. இதற்காக ஒரு விளம்பரக் கம்பெனிக்கு ஆறு மாதம் ஆனது. மாத்தளைக்காரர்கள் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் குரங்கைப் பிடிக்கப்போய் அது எங்களுக்குத் தெரியாமல் பிள்ளையாராகியிருந்தது.

இரண்டாம் நாள் காலை செல்வராஜின் ஆட்டோவில் நவ்ஷாத்தின் மில்லுக்குப் போனேன். வாசலிலேயே தும்மல். மிளகு, கறுவாப்பட்டை, காய்ந்த மிளகாய் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்குக்குள் கூட்டம் போட்டன. “நவ்ஷாத் பாய்...” என்று ஆரம்பித்து மூன்று தும்மல். “நானான்னு சொல்லுங்க மிஸ், இங்க அண்ணனுக்கு அப்படித்தான்” என்று செல்வராஜ் பின்னாலிருந்து திருத்தினார். நான்காவது தும்மலோடு “நானா” என்றேன். வருத்தம் தெரிவிக்க இதைவிடப் பொருத்தமான கோலம் எனக்குப் பயிற்சியில் சொல்லித்தரப்படவில்லை.

நவ்ஷாத் நானா ஒல்லியான மனிதர். இமையில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. முதலில் பால் விடாத ப்ளேன்டீ வரவழைத்தார், கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. நான் தங்கப் பொத்தானை நீட்டினேன்.

“இது என்னத்துக்கு?”

“உங்க பேருக்குப் பக்கத்துல இதே மாதிரி ஒண்ணு திரையில வரும். நீங்க நம்பகமானவர்னு அர்த்தம்.”

அவர் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊருல எவனும் என்ன நம்புறானில்ல. உங்க பொத்தான் நம்பி என்ன செய்ய?”

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஹனீபா என்பவர் உக்குவளையில் சுபஹ் என்ற அதிகாலைத் தொழுகை நேரத்தில் மவுத்தானார். அவருக்கு ஒரே தங்கை, பரீதா. தம்புள்ளையில் இருக்கிறார். பதினோரு வருடமாக அண்ணன் வீட்டோடு பேச்சில்லை. காரணம், ஒரு கல்யாணப் பந்தி. அங்கே ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சஹன் என்பார்கள். அண்ணன் மகள் கல்யாணத்தில் பரீதா ஏழாவது ஆளாக வந்து நின்றிருக்கிறார். “அடுத்த சஹனுக்கு இருங்க” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொந்த அத்தையை நிற்க வைத்தார்கள் என்று அப்படியே படி இறங்கிப் போனவர்தான்.

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. என் பெரியப்பா வீட்டில் ஒரு அப்பளத்துக்காக ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது.

“ஆனா மவுத்துக்கு வந்தே ஆவாங்க மிஸ்,” என்றார் நவ்ஷாத். “எங்க ஆக்கள்ள எவ்வளவு கோவம் இருந்தாலும் மவுத்து வீட்டுக்கு அழைப்பு வேணாம். சேதி போதும். அந்த அம்மா என் கணக்கத்தான் பாக்குறாங்கன்னு ஊருக்கே தெரியும். அதனால யாரும் அவங்களுக்குப் போன் பண்ணல்ல. நான் போட்டா பாத்துக்குவாங்கன்னு எல்லாரும் இருந்துட்டாங்க.”

தன் போனைக் காட்டினார். அன்றைய தேதியில் மூன்று பதிவுகள். முதலாவது, லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம். இரண்டாவது, நேரம் மாலை அஸர் தொழுகைக்குப் பின் என மாற்றப்பட்டுள்ளது. மூன்றாவது, மர்ஹூம் ஹனீபாவின் சகோதரி தம்புள்ளையிலிருந்து வரும்வரை ஜனாஸா வீட்டிலேயே வைக்கப்பட்டிருக்கும். ஜனாஸா என்றால் இறந்தவர் உடல். மூன்றும் ஒரே அரபு வாக்கியத்தில் ஆரம்பித்தன. மரணச் செய்தி என்றால் முஸ்லிம்கள் முதலில் சொல்லும் வாக்கியம். அவருடைய பழைய பதிவுகள் எல்லாமே அதே வாக்கியத்தில்தான் ஆரம்பித்தன. வேறு எப்படி ஆரம்பிப்பார்கள்? என் விதி அதற்கு முதல் நாள்தான் அமலுக்கு வந்திருந்தது.

பரீதா வரவில்லை. மறுநாள் யாரோ லாரிக்காரர் துக்கம் விசாரித்தபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. நவ்ஷாத் தம்புள்ளைக்குப் போய்த் தன் போனைக் காட்டியிருக்கிறார். பரீதா தன் போனைக் காட்டியிருக்கிறார். இவர் போனில் மூன்று பதிவு, அவர் போனில் ஒன்றுமில்லை. “எல்லாம் முடிஞ்ச பொறகு போட்டுட்டு வந்து காட்டுறீங்களா?” என்று கேட்டாராம். சொல்லாமல் அடக்கிவிட்டார்கள் என்கிறார் அவர். சொல்லியும் வரவில்லை என்கிறது இந்த வீடு. நடுவில் நவ்ஷாத் பொய்யன். இதற்குமுன் யாருடைய மவுத்துச் செய்தியை மறைத்தார் என்றுகூட ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

“நான் நேரத்துக்குப் போட்டேன், நீங்கதான் நிறுத்தினீங்கன்னு ஒரு வரி எழுதித் தாங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

மில்லுக்கு வெளியே வந்து சென்னைக்கு, என் மேலாளர் விக்னேஷுக்குப் போன் செய்தேன். அவருக்கு எல்லாம் உடனே புரிந்தது. அதுதான் அவரிடம் பயம்.

“எழுதிக் குடுக்காதே. ‘நிறுத்தினோம்’ வேண்டாம். ‘தாமதம்’கூட வேண்டாம். சில பயனர்களுக்கு அனுபவ வேறுபாடு ஏற்பட்டிருக்கலாம்னு சொல்லு.”

“அண்ணன் முகத்தைப் பார்க்காமப் போனது அனுபவ வேறுபாடா?”

“உணர்ச்சிவசப்படாதே. முக்கியமா, அந்த மூணையும் இப்ப விடுவிச்சுடாதே. விடுவிச்சா அடியில எழுதின நேரம், விடுவிச்ச நேரம், நிறுத்தினது நறுக்னு தானா வரும். அது ஒப்புதல் வாக்குமூலம். நாளைக்கு இலங்கை முழுக்க வழக்குப் போடுவான். உன் வேலை போகும். வீடியோ எடுத்தாச்சா?”

மத்தியானம் ஹனீபாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ரஹீமா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. நவ்ஷாத் வாசலோடு நின்றுவிட்டார். நான் பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. என் வாழ்க்கையில் எங்கள் கம்பெனி எனக்குச் செய்த ஒரே நல்ல தேர்வு அதுதான்.

துக்க வீட்டில் நமக்குச் சாப்பாடு கிடைக்காது என்று நினைத்திருந்தேன். சோறு, பருப்பு, பலாக்கொட்டைக் கறி, மாசிக் கருவாட்டுச் சம்பல் எல்லாம் வந்தது. சாப்பிடாமல் பேசவே விடவில்லை. சம்பலின் காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, “அழாதீங்க மகள், அல்லாஹ்ட நாட்டம்” என்று என்னைத் தேற்றினார். நான் மறுக்கவில்லை.

“அந்த மூணாவது அறிவித்தல் நான் போடச் சொன்னது,” என்றார். “மையித்த அடக்காம சுணக்கக் கூடாது. பள்ளிவாசல்ல இருந்து ரெண்டு தரம் ஆள் வந்திச்சு, ஏன் சுணங்குதுன்னு. நான் விடல்ல. அவருக்குக் கூடப் பொறந்த ஒத்தச் சகோதரி. பொம்புளைங்க நாங்க அடக்குற மையவாடிக்குப் போறதில்ல. வீட்டுல வெச்சுப் பாக்குறதுதான் கடைசி. அஸர் தொழுது ஒரு மணித்தியாலம் வரைக்கும் முகத்த மூடாம வெச்சிருந்தோம்.”

“நேரா போன் பண்ணியிருக்கலாமே?”

“பதினோரு வருஷம் பேசாத வாய் அன்னிக்கு எப்படித் தெறக்கும்? எல்லாருக்கும் போற மாதிரிப் போட்டா அவங்களுக்கும் போகும். யாரும் யாருக்கும் எறங்கிப் போன மாதிரி ஈக்காது. அதுதான்.” நம் ‘இருக்காது’தான் அங்கே ‘ஈக்காது’. தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். “வரல்ல. அப்ப அவ்வளவுதான். மையித்துக்கும் வராதவங்களுக்கு இனி இந்த வீட்டுல என்ன ஈக்கு?”

அறைக்குத் திரும்பிப் போய் என் பணிக் கணக்கில் நுழைந்து நிறுத்தப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தேன். ஆயிரம் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’களுக்கு நடுவில் அந்த மூன்றும் இருந்தன. பக்கத்தில் ‘குப்பை’ என்றும் அதற்கும் பக்கத்தில் விதி எழுதியவர் என்று என் பெயரும் இருந்தது. இந்த முறை எழுத்துப்பிழை இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வருத்தம் என்று பயிற்சியில் சொன்னார்களே, அது இல்லை.

மூன்றாம் நாள் தம்புள்ளை பஸ். அந்தப் பாதையில் இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதற்காக மட்டுமே ஓடுகின்றன. ஆட்கள் ஏறுவது தற்செயல். “பின்னால் இடமிருக்கிறது, பின்னால் போங்கள்” என்று நடத்துனர் சிங்களத்தில் கத்தினார். பின்னால் இருந்த ஒரு பெரியவர், “இருக்கிறது தம்பி, உன் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்து” என்று சிங்களத்திலேயே பதில் சொன்னதாகப் பக்கத்துச் சீட்டுப் பெண் மொழிபெயர்த்தார். பத்தே நிமிடத்தில், அலுவிகாரையில், டயர் வெடித்தது. எதிரி பஸ் எங்களை ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனது.

டயர் மாற்றும்வரை அங்கிருந்த குகைக் கோயிலைப் பார்த்து வந்தேன். அதுவரை வாய்வழியாகவே வந்த புத்தரின் போதனையை முதன்முதலில் ஓலையில் எழுதியது அங்கேதானாம். பஞ்சத்தில் மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் சொல்லும் போய்விடுமே என்ற பயத்தில் பிக்குகள் உட்கார்ந்து எழுதினார்களாம். திரும்பத் திரும்ப வரும் வரிகளையும் ஒன்றைக்கூட விடாமல் எழுதினார்களாம். என் விதி அன்றைக்கு அமலில் இருந்திருந்தால் பாதி ஓலை மிச்சமாகியிருக்கும். எனக்குக் கேக் வெட்டியிருப்பார்கள்.

தம்புள்ளை மொத்தச் சந்தையில் லாரிக்கும் மனிதர்களுக்கும் தனித்தனி வழி கிடையாது. கோயம்பேட்டில் பழகியவள் என்ற தைரியத்தில் உள்ளே நுழைந்தேன். கோயம்பேட்டில் மூட்டை இடித்தால் திட்டுவார்கள். இங்கே மூட்டை இடித்துவிட்டு நின்று, அடி பட்டதா என்று கேட்டார்கள். அதற்குள் அடுத்த மூட்டை இடித்தது. பூசணிக் குவியலுக்குப் பின்னால் பரீதாவின் கணவருடைய கடை. அவர் லாரியில் ஆள் விட்டுச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். கல்லாப் பக்கம் கறுப்பு ஹபாயா அங்கியில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, கையில் போன்.

நறுக்கிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் தலையைத் தூக்கவில்லை. “நவ்ஷாத் அனுப்பின ஆளா?”

இல்லை, சென்னை என்றேன். அத்தாட்சி கேட்டார். அடையாள அட்டையை அறையில் விட்டு வந்திருந்தேன். பையில் இருந்தது டி-சர்ட். நெஞ்சில் எருமையும் முதுகில் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்ற வாசகமும் போட்டது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு பூசணிக் குவியல் முன்னால் நின்றேன். துக்கம் விசாரிக்க வந்தவள் எவளும் இதைவிடக் கேவலமாக நின்றிருக்க மாட்டாள்.

அவர் டி-சர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

“அன்னிக்குக் காலைல இருந்து இது என் கையிலதான் இருந்திச்சு. யாரோ ஒரு பொம்புள பூனைக்குப் பிறந்தநாள் கொண்டாடினா. அத மூணு தரம் காட்டிச்சு உங்க ஆப்பு. என்ட நானாவக் காட்டல்ல.”

அந்தப் பூனையை எனக்குத் தெரியும். அந்த வாரத்தில் எங்கள் செயலியிலேயே அதிகம் பேர் பார்த்த பதிவு அது. அதற்கும் கேக் வெட்டினோம்.

என் போனில் பட்டியலைத் திறந்து மூன்று பதிவுகளையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். இரண்டாம் முறை படித்தார். பிறகு போனை என்னிடமே நீட்டினார்.

“இது உங்க போன். உங்க கம்பனி. எத வேணும்னாலும் எழுதிக் காட்டலாம்தானே. நவ்ஷாத்தும் இப்படித்தான் அவரு போன்ல காட்டினாரு.” குரல் உடைந்தது, அதை மறைக்கக் கோபப்பட்டார். “பதினோரு வருஷம் நான் வராம இருந்தது என் வீம்பு. ஒத்துக்கிறேன். ஆனா மவுத்துக்கு நான் போகாம இருப்பேனா? அந்த வீட்டுல எனக்காக வெச்சிருந்தாங்கன்னு சொன்னா, நான் எத நம்புறது? ஆர நம்புறது?”

“உங்க போன்லயே வந்தா நம்புவீங்களா?”

அவர் தன் போனைப் பார்த்தார். நான் விக்னேஷுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் வேண்டாம் என்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லையே. வீட்டு வாடகையை ஒருமுறை நினைத்தேன். நினைத்துவிட்டு மூன்றாவது பதிவைத் தொட்டு, ‘விடுவி’ என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதியாகவா என்று செயலி கேட்டது. எருமை படுக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அந்த நேரத்தில் என் பயமாக இருந்தது.

அவர் கையில் போன் அதிர்ந்தது. பக்கத்துக் கடையில் ஒன்று. எதிர்ப்பக்கம் வெங்காயக் கடையில் இரண்டு. லாரிக்கடியில் உட்கார்ந்து டீ குடித்தவர் சட்டைப்பையில் ஒன்று. மாத்தளைப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அந்தச் சந்தையில் இருந்தார்களோ அத்தனை போனிலும் ஹனீபாவின் பெயர் வந்தது.

“ஹனீபா நானா போய் மூணு கிழமையாச்சே?” என்று வெங்காயக் கடைக்காரர் உரக்கக் கேட்டார். பிறகு கீழே இருந்ததையும் படித்திருப்பார் போல, குரலைத் தாழ்த்தி, “நேரத்துக்குத்தான் போட்டிருக்காங்க. இவனுங்கதான் பிடிச்சு வெச்சிருக்கானுங்க” என்றார். இவனுங்க என்று எருமை டி-சர்ட்டைத்தான் காட்டினார். எல்லோரும் பரீதாவைப் பார்த்தார்கள்.

பரீதா தன் போனில் படித்துக்கொண்டிருந்தார். எழுதிய நேரம், அன்று மத்தியானம் இரண்டே கால். விடுவித்தது, இப்போது. நிறுத்தியது, நறுக்.

“ரெண்டே கால்,” என்றார். “ஒன்றரை மணித்தியாலத்துல போயிருப்பேன்.”

“இதை நிறுத்தின விதியை எழுதினது நான்தாம்மா,” என்றேன். “தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடுங்க.”

அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. என் போன் அடிக்க ஆரம்பித்திருந்தது, சென்னை எண். பரீதா கல்லாவைப் பூட்டி, சாவியைக் கணவர் பக்கம் நீட்டி, “நான் உக்குவளைக்குப் போறேன்” என்றார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கண்டி போக நின்ற ஒரு லாரியின் ஓட்டுநருக்குக் கை காட்டினார்.

பரீதா முன் சீட்டில் ஏறினார். படி உயரம்; இரண்டு பேர் கை கொடுத்தார்கள். சந்தைக்குள் வழியை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் நின்றது. ஓட்டுநர் பொறுமையாக ஹாரனை அழுத்தினார். பரீதா சேலைத் தலைப்பை இழுப்பதுபோல ஹபாயாவின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு, ஓட்டுநரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“சுருக்கா எடுங்க தம்பி. அங்க எனக்காக வெச்சிட்டு ஈக்கிறாங்க.”